ஷீபாவின் கல்யாண வண்டியும் ஆஃப்செட் இருபத்தைந்தும்

மாதா துணை

ஒரகடம்,
ஞாயிறு மாலை

மதிப்பிற்குரிய மாமா யாக்கோபு அவர்களுக்கு, மூத்த மருமகன் சாலமோன் பணிவுடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் ஷாரோனும் பிள்ளைகளும் மாதாவின் அருளால் நலம். அங்கு தங்கள் முழங்கால், அத்தையின் சர்க்கரை, கல்யாணப் பெண் ஷீபாவின் முகப்பரு ஆகிய அனைத்தும் கட்டுக்குள் இருக்க வேண்டுகிறோம்.

போனில் பேசாமல் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று தாங்கள் நினைக்கலாம். போனில் பேசினால் தாங்கள் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் காய் நறுக்கப் போய்விடுகிறீர்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதலாம் என்றால் அதன் அட்மின் ஜாக்சன். எனக்கு ஜாக்சன் மேல் எந்த வருத்தமும் கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டாவது மருமகனாக அவர் வந்த நாளிலிருந்து அவரைச் சொந்தத் தம்பியாகத்தான் பார்க்கிறேன். சொந்தத் தம்பியாகவே பிறந்திருந்தால் சின்ன வயதிலேயே சில காரியங்களைச் செய்து சரிப்படுத்தியிருப்பேன். அது வேறு விஷயம்.

நான் எழுத வந்தது ஷீபாவைக் கோயிலுக்கு அழைத்து வரும் வண்டியைப் பற்றி. என் வண்டியா, ஜாக்சன் வண்டியா என்று யோசித்துச் சொல்வதாகத் தாங்கள் கூறியிருக்கிறீர்கள். யோசிப்பதற்கு உதவியாகச் சில உண்மைகளைத் தங்கள் முன் வைக்கிறேன்.

மாமா, சக்கரம் என் தொழில். எங்கள் கம்பெனியில் கார் சக்கரம்தான் வார்க்கிறோம். கடைசி இன்ஸ்பெக்ஷன் மேசையில் நிற்பவன் நான். என் கை படாமல் ஒரு சக்கரமும் கேட்டைத் தாண்டாது. பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று தாங்கள் கேட்டதற்கு "வீல் பாஸ் பண்றேன் சார்" என்று சொன்னேன். "சரி, கேசரி எடுத்துக்கோ" என்றீர்கள். அதற்குப் பிறகு இன்றுவரை இந்தக் குடும்பத்தில் ஒருவரும் என்னிடம் சக்கரத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. நானும் அதை எதிர்பார்க்கவில்லை. ஆனால் ஜாக்சன் என்ன வேலை செய்கிறார்? சீட்டுக்குப் பஞ்சு அடைக்கும் கம்பெனியில் சூப்பர்வைசர். அவர் போய் வண்டியின் ஸ்பிரிங்கை மாற்றித் தரையோடு தரையாக இறக்கி, பதினைந்து அங்குலச் சக்கரத்தைக் கழற்றிவிட்டுப் பதினேழு அங்குல அலாய் மாட்டினார். அன்றிலிருந்து நம் வீட்டில் சாப்பாட்டு செபம் முடிந்ததும் எல்லோரும் சக்கரத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். என்னிடம் அல்ல. பஞ்சு அடைப்பவரிடம்.

ஈஸ்டர் பூசைக்கு அவர் அந்த வண்டியைக் கொண்டுவந்து கோயில் வேப்பமரத்தடியில் நிறுத்தியது தங்களுக்கு நினைவிருக்கும். உள்ளே பிரசங்கம் நடந்துகொண்டிருந்தபோது நான் காற்றாட வெளியே வந்தேன். சட்டைப்பையில் ஸ்டீல் ஸ்கேல் இருந்தது, எப்போதும் இருக்கும். அளந்து பார்த்தேன். தாங்கள் அறிய வேண்டிய விஷயம் ஒன்றுதான். சக்கரத்தின் அகலத்துக்கு நடுவே ஒரு கோடு போட்டால், அந்தக் கோட்டுக்கும் சக்கரம் வண்டியில் பொருந்தும் முகத்துக்கும் இடையே உள்ள தூரம்தான் ஆஃப்செட். அந்த எண் குறையக் குறையச் சக்கரம் வெளியே வரும். வண்டியோடு வந்த சக்கரத்துக்கு நாற்பத்தைந்து. ஜாக்சன் போட்டிருப்பது முப்பத்தெட்டு. டயரின் விளிம்பும் மட்கார்டின் விளிம்பும் ஒரே கோட்டில் நிற்கின்றன. நடுவே ஒரு விரல் நுழையும், இரண்டாவது விரல் நுழையாது. குறை சொல்லலாம் என்றுதான் அளந்தேன். குறை சொல்ல முடியாதபடி இருந்தது, அதுதான் எனக்குச் சந்தேகத்தைக் கொடுத்தது. அன்றைய பிரசங்கம் பிறர் உடைமைமேல் கண் வைப்பதைப் பற்றியாம். ஷாரோன் பிறகு சொன்னாள். நான் கண் வைக்கவில்லை மாமா. ஸ்கேல்தான் வைத்தேன்.

அதற்கு அடுத்த வாரம் அவர் என் வீட்டுக்கு வந்தார். எங்கள் தெருவைப் பற்றித் தங்களுக்குத் தெரியும். எதிர்வீட்டுக்காரர் பம்பருக்கு பெயின்ட் அடிக்கிறார், மாடிவீட்டு அம்மா வயர் கோக்கிறார், கோடிவீட்டுப் பையன் கண்ணாடி ஒட்டுகிறான். எந்தக் கார் வந்தாலும் அவரவர் தம் கம்பெனிச் சாமானைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது நம்மளுது இல்ல" என்று உள்ளே போய்விடுவார்கள். முழுக்காரை யாரும் பார்ப்பதில்லை. அப்படிப்பட்ட தெரு, பம்பரைப் பார்க்கவில்லை, கண்ணாடியைப் பார்க்கவில்லை, சக்கரத்தைச் சுற்றிக் குந்திக்கொண்டது. மாடிவீட்டு அம்மா என்னைக் கூப்பிட்டு, "சாலமோன் தம்பி, நீயும் எதுனா வீல் கம்பெனிலதான கீற? இந்த மாதிரி எல்லாம் உங்களாண்ட செய்ய மாட்டாங்களா?" என்றார். நான் சிரித்துக்கொண்டு உள்ளே போய்த் தண்ணீர் குடித்தேன். இரண்டு சொம்பு.

இனி ஒத்திகைக்கு வருகிறேன். "வெறும் பேச்சு வாணாம். ரெண்டு பேரும் வண்டிய எடுங்க. நான், உங்க அத்தை, பொண்ணு, தோழிப்பொண்ணு, எல்லாம் குந்திக்கினு கோயிலாண்ட வேகத்தடையத் தாண்டட்டும். எது தாண்டுதோ அதுதான் பொண்ணு வண்டி" என்று தாங்கள்தான் தீர்ப்புச் சொன்னீர்கள். ஜாக்சன் வண்டி முதலில் போனது. ஆள் ஏறியதும் பின்பக்கம் தாழ்ந்து, டயர் மட்கார்டில் கரகரவென்று உரசியது. வேகத்தடைக்கு முன்னால் எல்லோரும் இறங்கினீர்கள். அவர் வண்டியைக் குறுக்காகத் திருப்பி, ஒவ்வொரு சக்கரமாக, தேரை நிலைக்குக் கொண்டுவருவதுபோல் இறக்கினார். ஊர்ப் பையன்கள் "ரைட்டு, ரைட்டு, லெஃப்ட்டு ஒட்சி வாண்ணா" என்று கத்தினார்கள். வண்டி தாண்டியதும் விசில். ஃபாதர்கூட மேல்மாடத்திலிருந்து எட்டிப் பார்த்தார்.

பிறகு நான் வந்தேன். அதே நான்கு பேர், கூடவே அத்தையின் தூக்குச்சட்டி. நேராக ஏறி நேராக இறங்கினேன். ஒரு சத்தமில்லை. ஒரு விசிலும் இல்லை. பையன்கள் அதற்குள் ஜாக்சன் வண்டியோடு போட்டோ எடுக்கப் போய்விட்டார்கள். "வந்துட்டமா?" என்றார் அத்தை. ஷீபா, "தாண்டுனது சாலமோன் மாமா வண்டிதான்பா. ஆனா போட்டோல ஜாக்சன் மாமா வண்டி மாஸா இருக்கும்" என்றாள். உடனே தாங்கள் தாடியைச் சொறிந்துகொண்டு, "யோசிச்சிச் சொல்றேன்" என்றீர்கள்.

நியாயமா சொல்லுங்க மாமா. பாஸான பிறகு என்ன யோசனை? எங்கள் மேசையில் பாஸான சக்கரத்தை ஒருவரும் திரும்ப யோசிப்பதில்லை.

ஆகவே தங்கள் யோசனையைச் சுலபமாக்கும் ஒரே நோக்கத்தோடு, வாலாஜாபாத் ரோட்டில் புருஷோத்தமன் என்பவரின் அலாய் கடைக்குப் போனேன். சும்மா விவரம் கேட்கத்தான். கடைக்காரர் மரியாதையான மனிதர். நான் பதினெட்டு அங்குலம், எட்டு அங்குல அகலம், ஆஃப்செட் இருபத்தைந்து என்று கேட்டதும் டீயைக் கீழே வைத்தார்.

"சார், இருவத்தஞ்சா? வெளிய வந்துடும் சார்."

"எவ்வளவு வெளியே?"

"பக்கத்து வூட்டு வாசல்ல நிக்கும்."

"முப்பத்தெட்டைவிட நன்றாகத் தெரியுமா?"

"தெரியும் சார். ஏரோப்ளேன்ல போறவனுக்கும் தெரியும். வண்டில எத்தினி பேரு சார் போவீங்க?"

மாமா, இந்தக் கேள்விக்கு மட்டும் நான் கொஞ்சம் சுருக்கமாகப் பதில் சொல்லிவிட்டேன். "நான் மட்டும்தான்" என்றேன். அவர் என்னை ஒருமுறை பார்த்தார். மனைவி பிள்ளை இல்லாதவன் என்று நினைத்திருக்க வேண்டும். மிகவும் இரக்கத்தோடு, "அப்ப போட்டுக்கலாம் சார், உங்களுக்கும் வேற இன்னா கீது" என்றார். ஸ்பிரிங்கையும் அன்றே மாற்றினோம். தெரியாமல் செய்துவிட்டான் என்று நாளை யாரும் என்னைச் சொல்லக்கூடாது. இருபத்தைந்து என்றால் எங்கே நிற்கும், எங்கே உரசும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்த ஆள் இந்த வட்டாரத்தில் இல்லை. எல்லாம் தெரிந்தேதான் செய்தேன்.

வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தினேன். தெரு வந்தது. மாடிவீட்டு அம்மா மாடியிலிருந்தே, "இன்னாப்பா, உங்க சகலையோட வண்டியா?" என்றார். "இல்லைம்மா, என்னுது" என்றேன். "அப்டியா! அவுருதுகூட இவ்ளோ வெளிய வராதே" என்றார். மாமா, உங்கள் மகளைக் கட்டிய நாளுக்குப் பிறகு எனக்கு அவ்வளவு நிறைவான மாலைப்பொழுது வாய்த்ததில்லை.

மறுநாள் ஷாரோனும் பிள்ளைகளும் ஏறினார்கள். தெருமுனை வரைகூடப் போகவில்லை. "இன்னாங்க, அடியில யாரோ தேங்கா துருவுறாங்க" என்றாள் ஷாரோன். இறங்கிப் பார்த்தேன். டயர் மட்கார்டைத் துருவிக்கொண்டிருந்தது. ஆனால் இதெல்லாம் பெரிய விஷயமல்ல. ஒழுங்காகத் திட்டமிட்டால் போதும். பின்சீட்டில் ஒருவருக்கு மேல் உட்காரக் கூடாது. அவரும் நடுவில் உட்கார வேண்டும். டாங்கில் பெட்ரோல் நிறைய இருக்கக் கூடாது. டிக்கியில் ஜெபமாலை வரை வைக்கலாம். திருப்பங்களில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்கக் கூடாது. இவற்றைக் கடைப்பிடித்தால் சத்தமே வராது.

எனவே கல்யாணத்தன்று ஷீபா மட்டும் தனியாக என் வண்டியில் வரட்டும். தோழிப்பெண் வேண்டாம். பூச்செண்டு சிறியதாக இருந்தால் நல்லது. தாங்களும் அத்தையும் முன்கூட்டியே ஷேர் ஆட்டோவில் கோயிலுக்குப் போய் வாசலில் நின்று பெண்ணை வரவேற்கலாம். தகப்பன் பெண்ணை வரவேற்பது பார்ப்பதற்கும் புதுமையாக இருக்கும். கோயில் வேகத்தடைக்கு முன்னால் ஷீபா இறங்கி நாலடி நடந்தால் போதும். ஜாக்சன் வண்டியில் ஐந்து பேர் ஏறினால் உரசுகிறது. என் வண்டியில் ஐந்து பேர் ஏறவே முடியாது. ஆகையால் அந்த ஆபத்தும் இல்லை. இன்ஸ்பெக்ஷன் மேசையில் நிற்பவன் என்ற முறையில் சொல்கிறேன், இது பாஸ்.

மேலும் ஜாக்சனைக் கூப்பிட்டு, பாதுகாப்பை உத்தேசித்துப் பழைய சக்கரத்தையே மாட்டிக்கொள்ளும்படி, என் பெயரைச் சொல்லாமல், பெரியவர் என்ற உரிமையில் தாங்கள் புத்தி சொல்ல வேண்டும்.

அத்தைக்கு என் வணக்கம். ஷீபாவுக்கும் வரப்போகும் மாப்பிள்ளைக்கும் ஆசீர்வாதம். மாப்பிள்ளை கார் வாங்கும் எண்ணத்தில் இருந்தால் எதற்கும் என்னை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளச் சொல்லவும். சகாயமாதா நம் எல்லோரையும், வண்டிகளையும் காக்கட்டும்.

தங்கள் அன்பும் கீழ்ப்படிதலும் உள்ள மருமகன்,
சாலமோன்

பின்குறிப்பு: மேற்படி கடிதத்தை மடித்துக்கொண்டிருந்தபோது ஜாக்சன் வந்தார். வண்டி வந்ததே தெரியவில்லை, சத்தம் இல்லை. வாசலுக்குப் போய்ப் பார்த்தால் வண்டி பழைய உயரத்தில் நிற்கிறது. அலாயைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டுப் பழைய பதினைந்து அங்குலத்தையே மாட்டியிருக்கிறார். "இன்னா ஜாக்சன் இது?" என்றேன். "கல்யாணத்துக்கு நம்ம புள்ள குலுங்காம போவணும்ணா. அன்னிக்கு நீங்க எவ்ளோ நைஸா தாண்டுனீங்க! பாத்துட்டு எனக்கே வெக்கமாப் பூடுச்சி. பொண்ணு உங்க வண்டிலயே வரட்டும்ணா, நான் பின்னால பந்தி சாமான் ஏத்திக்கினு வரேன். மாமாவாண்ட சொல்லிர்றேன்" என்றார். சொல்லிவிட்டு என் வண்டியைப் பார்த்தார். குனிந்து மட்கார்டைப் பார்த்தார். வேறொருவராக இருந்தால் சிரித்திருப்பார். இவர், "சூப்பரா கீதுண்ணா" என்றார். அந்த மனிதரின் இந்தக் குணத்தைத்தான் மாமா என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

என் பழைய சக்கரங்களைப் புருஷோத்தமன் அன்றே யாருக்கோ விற்றுவிட்டார். ஆகவே மேலே எழுதிய அனைத்தையும் ரத்து செய்து, ஷீபாவை ஜாக்சன் வண்டியிலேயே அழைத்து வரும்படி கேட்டுக்கொள்கிறேன். தாங்களும் அத்தையும் தோழிப்பெண்ணும் தாராளமாக ஏறலாம். நானும் ஷாரோனும் பிள்ளைகளும் ஷேர் ஆட்டோ பிடித்துப் பந்தி சாமானோடு வருகிறோம். இந்தக் கடிதத்தை ஜாக்சன் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன், என் வண்டி தங்கள் தெருவுக்குள் வராது. உறையை நன்றாக ஒட்டியிருக்கிறேன். ஒட்டியபடியே வந்ததா என்று பார்த்துக்கொள்ளவும்.

இன்னும் ஒன்று. அவர் உள்ளே டீ குடித்துக்கொண்டிருந்தபோது அந்தப் பதினைந்து அங்குலத்தைப் பார்த்தேன். ஆஃப்செட் நாற்பத்தைந்து. என்ன அடக்கம், என்ன அளவு! இவ்வளவு நாள் இது என் கண்ணில் படவே இல்லையே, இதையும் இவரே தட்டிக்கொண்டு போய்விட்டாரே என்று வயிறு எரிந்து, எந்தக் கம்பெனிச் சரக்கு என்று கையைவிட்டு உள்பக்கம் தடவிப் பார்த்தேன். எங்கள் கம்பெனி முத்திரை. பக்கத்தில் என் மேசையின் எண். நான் பாஸ் செய்த சக்கரம், மாமா. ஆகையால் கல்யாண வீடியோக்காரரிடம் சொல்லி, வண்டி கோயில் வேகத்தடையைத் தாண்டும்போது பெண்ணை ஒரு நொடி விட்டுவிட்டுச் சக்கரத்தை எடுக்கச் சொல்லவும். கீழே என் பெயரைப் போட்டால் போதும்.