இங்கே கண்ணாடியைக் கழற்றவும்

நடந்தது, வரிசைப்படி:

1. அப்பாவின் பிரசங்க நோட்டை ஸ்கேன் செய்தேன்.
2. ஒரு செயலி அந்தத் தமிழை அப்படியே பெங்காலியில் மொழிபெயர்த்துக் கொடுத்தது.
3. நான் சரிபார்க்கவில்லை. (மென்பொருள்களில் பிழை கண்டுபிடிப்பதுதான் எனக்குச் சோறு போடும் வேலை.)
4. கொல்கத்தா கிடர்பூர் தமிழ்ச் சபை முழுவதும் அதைத் திரையில் படித்தது.

அப்பா வாரநாளில் துறைமுக அலுவலக கிளார்க், ஞாயிறு பிரசங்கியார். முப்பது வருட ஊழியம். இன்னும் இரண்டு வருடம் பிரசங்கிக்கச் சபைக் கமிட்டியிடம் அனுமதி கேட்டிருந்தார்.

"அண்ணாச்சி, நம்ம பிள்ளைங்களுக்கு பெங்காலிதான் வருது. உங்க தமிழ் புரியலைங்காங்க. இந்த ஞாயிறு பாத்துட்டு முடிவு சொல்லுதோம்" என்றார் கமிட்டிச் செயலாளர்.

"நான் ஸ்கிரீன்ல போடுதேன்ப்பா" என்றேன், சபையையே காப்பாற்ற வந்தவள் மாதிரி.

அந்த ஞாயிறு அப்பா தன் தம்பியின் மரணத்தைச் சொன்னார். ஹவுராவில் ரயிலேறி ஊர் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்ட கதை. அவர் கண்ணாடியைக் கழற்றினார். முதுகுக்குப் பின்னால் திரை சொன்னது: "இங்கே கண்ணாடியைக் கழற்றவும்." அடுத்த வரி: "தொண்டை அடைக்கட்டும். நாலு எண்ணவும்."

ஓரத்தில் அவர் தனக்காகச் சிவப்பு மையில் எழுதியவை. செயலிக்கு நிறம் தெரியாது.

பின்வரிசைப் பிள்ளைகள் பெங்காலியில் எண்ணினார்கள்: "ஏக், துய், தின், சார்!" வாழ்நாளில் முதன்முறையாக அவர்களுக்கு ஒரு தமிழ்ப் பிரசங்கம் முழுதாகப் புரிந்தது.

பதறி ஒரு பட்டனை அழுத்தினேன். அடுத்த பக்கம் வந்தது: "இப்போது லேசாகச் சிரிக்கவும்."

அப்பா திரும்பிப் பார்த்தார். பிறகு அழுதார். நிஜமாக.

"இது எந்தப் பக்கத்துல இருக்கு?" என்றது ஒரு குரல். சிரிப்பு அடங்கவே இல்லை.

வீட்டில் அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "ஏட்டி, செவப்பு மை எனக்குன்னு உனக்குமா தெரியல?"

அதன்பின் பழைய நோட்டுகளையும் வாசித்தேன். (சரிபார்க்கும் புத்தி எனக்கு எப்போதும் தாமதமாகத்தான் வரும்.) முதல் நோட்டில் சிவப்பு ஒரே வரி: "கால் நடுங்குகிறது. ஆண்டவரே, பிடித்துக்கொள்ளும்." வருடா வருடம் சிவப்பு கூடிக்கொண்டே போயிருந்தது. கமிட்டி அந்த இரண்டு வருடத்தைக் கொடுக்கவில்லை. பிரிவுபசாரக் கூட்டத்தில் சால்வை போட்டு, ஊழியத்தில் அவர் கண்ட வளர்ச்சியைப் பாராட்டினார்கள்.

வீட்டில் யார் அழுதாலும் அம்மா, "கண்ணாடியக் கழத்து" என்பாள். எல்லோரும் சிரிப்போம். அப்பாவும் சிரிப்பார், நாலு எண்ணிவிட்டு.

இப்போது அவர் சபையில் கடைசி வரிசையில் உட்காருகிறார். கண்ணாடியைக் கழற்றுவதில்லை.