நீலம் என்று எழுதிய போத்தல்

காலை ஆறு ஐம்பத்திரண்டுக்கு எல்லாம் பிழையாகப் போகத் தொடங்கியது. நேரம் இவ்வளவு சரியாக நினைவிருப்பது என் ஞாபகசக்தியால் அல்ல. காரின் முகப்பில் மணிக்கூட்டுக்குப் பக்கத்திலேதான் கண்ணாடி கழுவும் தண்ணீர் குறைந்துவிட்டதென்று ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. வெளியே மைனஸ் நான்கு. லண்டன் மோர்டனில் எங்கள் தெருவில் நின்ற கார்கள் எல்லாம் உறைபனி மூடி ஒரே நிறமாகியிருந்தன. எட்டுப் பத்துக்கு என் மகள் அபிராமிக்கு ட்ரைவிங் டெஸ்ட்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். எங்கள் வீட்டு டீசல் காருக்கு வைத்தியம் பார்ப்பவள் நான்தான். என் கணவர் தபால் பிரிக்கிற இடத்தில் ஷிப்ட் வேலை செய்கிறார். கார் பராமரிப்பைப் பற்றி அவருக்கு ஒரே ஒரு தத்துவம்தான்: "ஓடுதுதானே." எனக்கு அப்படி இருக்க ஏலாது. ஓடுகிற கார்தான் நிற்கும் என்று பயப்படுகிற பிறவி நான்.

குளிர்காலத்தில் டீசல் காரும் தடிமன் பிடித்து மூக்கு ஒழுகும் பிள்ளையும் ஒன்று. காலையில் அவசரப்படுத்தக் கூடாது. திறப்பைத் திருப்பினால் சுருள் மாதிரி ஒரு விளக்கு எரியும். உள்ளே எஞ்சின் சூடாகிறது என்று அர்த்தம். அது அணையும்வரை பொறுத்திருந்துதான் ஸ்டார்ட் பண்ண வேண்டும். பற்றரி சோர்ந்துவிடாமல் கிழமைக்கு ஒருமுறை சார்ஜ் ஏற்ற வேண்டும். பக்கத்துக் கடைக்கே ஓடிக்கொண்டிருந்தால் புகைக்குழாயில் கரி அடைக்கும் என்று வீடியோவில் ஒருவர் சொன்னதிலிருந்து, ஞாயிறுதோறும் காரை மோட்டர்வேயில் நாற்பது நிமிடம் ஓட்டிக்கொண்டு வருவேன், மூச்சு விடட்டும் என்று. ("கலியாணம் கட்டி இருபத்தாறு வருசம். என்னை ஒருநாளும் இப்பிடிக் காத்து வாங்கக் கூட்டிக்கொண்டு போகேல்லை," என்பார் கணவர்.)

டெஸ்டுக்கு எங்கள் காரைக் கொண்டுபோவதாகத் திட்டமே இருக்கவில்லை. கார் பழக்கும் குலம் அண்ணைக்கு முதல்நாள் பின்னேரம் முதுகு பிடித்துக்கொண்டது. "தங்கச்சி, கட்டிலை விட்டு எழும்ப ஏலாமல் கிடக்கு. டெஸ்டைத் தள்ளிப் போடுவம்," என்றார். தள்ளிப் போடுவதாம்! இந்தத் தேதி கிடைக்கவே ஐந்து மாதம் காத்திருந்தோம். அபிராமிக்கு வீடு வீடாகப் போய் நோயாளிகளுக்கு உடற்பயிற்சி கொடுக்கும் வேலை சரிவந்திருந்தது. மாத முடிவுக்குள் லைசென்ஸைக் காட்டினால் வேலை. இல்லையென்றால் அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். அதனால் நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எங்கடை காரிலை போவம். அதை மாதிரி ஆயத்தமான கார் லண்டனிலையே இல்லை," என்றேன்.

அபிராமி என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் பாவமாக இருக்கிறது.

"அம்மா, ப்ளீஸ். காரை இருக்கிற மாதிரியே விடுங்கோ. எக்ஸ்ட்ரா ஒண்டும் செய்யாதேங்கோ."

நான் எக்ஸ்ட்ராவாக எதுவும் செய்யவில்லை. ராத்திரியே பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றினேன். சோதிப்பவர் பின்னால் பார்ப்பதற்கென்று தனியாக ஒரு கண்ணாடி ஒட்டினேன். அது விழாது என்று உறுதிப்படுத்த நாலு தரம் இழுத்து, ஐந்தாம் தரம் விழுத்தி, திரும்ப ஒட்டினேன். அவ்வளவுதான்.

இப்போது அந்த மஞ்சள் விளக்கு. தண்ணீர் இல்லாமல் டெஸ்டுக்குப் போக முடியாது. ஓடிக்கொண்டிருக்கும்போதே "முன்கண்ணாடியைக் கழுவிக் காட்டு" என்று கேட்பார்களாம். குலம் அண்ணை சொல்லியிருந்தார். நான் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சாமான் கொட்டிலுக்கு ஓடினேன். தட்டில் ஒரு நீலப் போத்தல் இருந்தது. அதில் கார்க் கண்ணாடியின் படம் இருந்தது. படத்துக்குக் கீழே, என்னுடைய கையெழுத்தில், தடித்த பேனாவால் "நீலம்" என்று எழுதியிருந்தது. இதற்கு மேல் ஒரு மனுசிக்கு என்ன சாட்சி வேண்டும்? காரின் பனெட்டைத் திறந்து கடைசிச் சொட்டுவரை ஊற்றிவிட்டு, வெறும் போத்தலைப் பின் ஆசனத்துக்குக் கீழே போட்டேன்.

போகிற வழியில் ரோட்டுக்குப் போட்ட உப்பெல்லாம் முன்கண்ணாடியில் தெறித்தது. அபிராமி கழுவுகிற கம்பியைத் தொடப் போனாள்.

"தொடாதை பிள்ளை! டெஸ்டுக்கு மிஞ்ச வேணும்."

"அம்மா, அது என்ன கோயில் தீர்த்தமே?"

"சொன்னதைக் கேள்." சிவப்பு விளக்கில் நான் இறங்கி என் சால்வையால் துடைத்துவிட்டேன். (பின்னால் நின்ற லொறிக்காரர் கை தட்டினார்.)

டெஸ்ட் நிலையத்தில் வந்த பரிசோதகர் உயரமான ஒரு வெள்ளைக்கார அம்மா. பொத்தான் எல்லாம் கழுத்துவரை பூட்டிய கறுப்புக் கோட். சிரிப்பதற்குத் தனியாகச் சம்பளம் கேட்பவர் போல ஒரு முகம். அபிராமி அவரை ஏற்றிக்கொண்டு இடது பக்கம் சிக்னல் போட்டு, ஒரு சத்தமும் இல்லாமல் வெளியே போனாள். நான் காத்திருக்கும் அறையில் கந்தசஷ்டிக் கவசத்தைத் தொடங்கினேன். நாற்பது நிமிடத்துக்குள் மூன்று தரம் முடிந்தது. எட்டுப் பத்துக்குப் போன மற்றப் பிள்ளைகள் எல்லோரும் திரும்பி வந்தார்கள். இரண்டு பேர் அழுதார்கள், ஒருவன் துள்ளினான். எங்கள் காரைக் காணவில்லை.

ஒன்பது மணி. ஒன்பது ஐந்து. கணவருக்குப் போன் அடித்தேன்.

"பிள்ளையைக் காணேல்லை!"

"என்னெண்டு காணேல்லை? சோதிக்கிற மனுசியோடைதானே போனவள்?"

"மனுசியையும் காணேல்லை!"

"காரையும் காணேல்லையோ?"

"அதைத்தானே சொல்லுறன்!"

"அப்ப மூண்டும் ஒரு இடத்திலைதான் இருக்கும். அழாதையும். நான் ஷிப்ட் விட்டிட்டன், வாறன்."

அவர் வைத்த பிறகுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. கையில் வேலை எதுவும் இல்லை, திருத்துவதற்குக் காரும் இல்லை. சுருள் விளக்கு அணைய முதல் ஸ்டார்ட் பண்ணிவிட்டாளோ? டீசல் உறைந்துவிட்டதோ? வேலை போகட்டும், லைசென்ஸ் போகட்டும், பிள்ளை முழுசாக வந்தால் போதும் என்று முருகனிடம் பேரம் பேசினேன். பிறகு, லைசென்ஸும் கிடைத்தால் நல்லது என்று சேர்த்துக்கொண்டேன்.

ஒன்பது பதினொன்றுக்குக் கார் வந்தது. என் கார்தானா என்று இலக்கத் தகட்டைப் பார்த்துத்தான் நிச்சயித்தேன். முன்கண்ணாடியின் ஓரங்களிலும், பனெட்டிலும், கூரையிலும் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள். கண்ணாடியின் நடுவில் மட்டும் சுத்தமான ஒரு வட்டம். வைப்பரில் மல்லி விதைகள் ஒட்டியிருந்தன.

அபிராமி இறங்கினாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பரிசோதகர் அந்தப் பக்கத்தால் இறங்கி, கோட்டில் பட்டிருந்த வெள்ளைத் தூளைத் தட்டிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"இந்தக் காருக்குக் கண்ணாடி கழுவும் தண்ணீர் ஊற்றியது யார்?"

பின் ஆசனத்துக்குக் கீழே கிடந்த வெறும் போத்தலை எடுத்து நீட்டினேன். அவருக்குத் தமிழ் தெரியாது. அபிராமிக்குத் தெரியும். வாங்கி வாசித்தாள், மூடியைத் திறந்து மணந்தாள், கண்ணை மூடினாள்.

"அம்மா. இது ஆட்புளூ."

அப்போதுதான் எனக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. ஆட்புளூ என்பது டீசல் புகையைச் சுத்தமாக்குவதற்கு அதற்கென்று உள்ள தனித் தாங்கியில் ஊற்றுகிற யூரியாத் தண்ணீர். மூன்று கிழமைக்கு முதல் பெரிய கலனிலிருந்து நான் ஊற்றியதில் கொஞ்சம் மிஞ்சிப்போனது. வீணாக்குவேனா? எங்கள் வீட்டில் ஐஸ்கிரீம் பெட்டிக்குள் ஐஸ்கிரீமும் பிஸ்கட் தகரத்துக்குள் பிஸ்கட்டும் இருந்த சரித்திரமே இல்லை. காலியான ஒரு கண்ணாடி கழுவும் போத்தலில் மிச்சத்தை ஊற்றினேன். சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கிறவள் என்பதால், மல்லிப் போத்தலில் "மல்லி" என்று எழுதுவது போல இதற்கும் தமிழிலேயே எழுத வேண்டுமென்று நின்றேன். புளூ என்றால் நீலம். எழுதினேன். அந்தத் தண்ணீருக்கு நிறமே இல்லை என்பது வேறு கதை.

நடந்தது இதுதான். டெஸ்ட் தொடங்கிப் பத்தாவது நிமிடம், "முன்கண்ணாடியைக் கழுவிக் காட்டு" என்று பரிசோதகர் கேட்டிருக்கிறார். அபிராமி தண்ணீரை அடித்திருக்கிறாள். உள்ளே சூடான காற்று, வெளியே யூரியா. இரண்டு நொடியில் தண்ணீர் காய்ந்து கண்ணாடி முழுக்க வெள்ளைப் பொருக்கு.

பரிசோதகர் என்னைக் குனிந்து பார்த்தார். "குலம் அண்ணையின் காரில் எனக்கும் ஒரு பிரேக் இருக்கும், உங்கள் காரில் இல்லை." (அண்ணை என்பது அவரின் பெயரென்று நினைத்திருக்கிறார்.) "ஒன்றும் தெரியாமல் போனவுடனே உங்கள் மகள் கத்தவில்லை. வேகத்தைக் குறைத்தார், பக்கக் கண்ணாடியைப் பார்த்தார், ஜன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டிப் பார்த்து, ஓரமாக நிறுத்தினார். பிறகு ஒரு பிளாஸ்கிலிருந்து ஏதோ சூப்பை ஊற்றிக் கழுவினார். இருபது வருடத்தில் எனக்கு இப்படி யாரும் கண்ணாடி கழுவிக் காட்டியதில்லை."

அது சூப் அல்ல, தொண்டைக்கு நல்லதென்று நான் கொடுத்துவிட்ட மல்லித்தண்ணி என்று விளக்கத் தொடங்கினேன்.

"அம்மா," என்றாள் அபிராமி, "அவ இன்னும் முடிக்கேல்லை."

"இரண்டு சின்னப் பிழை," என்றார் பரிசோதகர். "சித்தியடைந்துவிட்டார். பாஸ்."

நான் அழுதேன். பரிசோதகரைக் கட்டிப்பிடித்தேன் என்று அபிராமி சொல்கிறாள். எனக்கு நினைவில்லை. எங்கள் வீட்டில் அன்று தொடக்கம் எந்தச் சாமானையும் நான் நீட்டினால் முதலில் மணந்து பார்த்துவிட்டுத்தான் வாங்குகிறார்கள். தேத்தண்ணியைக்கூட. "நீலமோ?" என்று ஒரு கேள்வி வேறு. வேலைக்குப் போகும் அபிராமி, அங்கேயும் இதைச் சொல்லிவிட்டாளாம்.

அன்று அழுகை அடங்க முதல் ஒரு டாக்சி வந்து நின்றது. வேலை உடுப்போடு, மூச்சு வாங்க, என் கணவர் இறங்கினார். மகளைப் பார்த்தார். முழுசாக நின்றாள், கையில் சித்தியடைந்த தாளோடு. பிறகு காரைச் சுற்றி ஒருமுறை நடந்தார். காரின் நெற்றியில் மூன்று வெள்ளைக் கோடு, கூரையில் ஒன்று, கன்னம் இரண்டிலும் சிதறல்.

செருப்பைக் கழற்றாத குறையாகக் கை இரண்டையும் கூப்பிக்கொண்டு சொன்னார்:

"இஞ்சேரும், திருநீறு எல்லாம் வடிவாய்த்தான் பூசியிருக்கிறீர். இனி இதுக்குள்ளை ஒண்டும் ஊத்த வேண்டாம். கும்பிட்டாலே ஓடும்."