மூன்றாம் பிளாட்பாரத்துக் காராச்சேவு

மும்பை முழுக்கத் தேடினாலும் டேசன் மாஸ்டரைப் போல ஒரு கறார் பேர்வழி கிடைக்காது. அவளுக்கு வயது ஆறு. திலக் நகரில் எங்கள் எதிர்வீட்டுப் பெண். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவே மாட்டாள்.

மரத் துண்டுகளைக் கோத்து வீடு முழுக்கத் தண்டவாளம் போட்டிருப்பாள். அதை யாரும் குறுக்கே தாண்டக் கூடாது. மேம்பாலம் என்று ஒரு ஸ்டூலை நிறுத்தியிருப்பாள். ஆபீஸ் கிளம்புகிற அவள் அப்பாவே கையில் காப்பியோடு அதில் ஏறி இறங்கித்தான் போவார்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். தாராவியில் மரப் பட்டறை போட்டு, என் கட்டில் போகாத கல்யாணமே அந்தப் பக்கம் இல்லை என்ற அளவுக்கு வந்தவன். ஒரு நாள் நல்ல தேக்கில் ஒரு வளைவுத் துண்டு இழைத்துக்கொண்டு போனேன். எஞ்சினை ஓட்டிப் பார்த்தாள். சக்கரம் ஓடுகிற பள்ளம் ஒரு நூல் குறுகல். வண்டி கவிழ்ந்தது. "பாஸ் ஆகலை தாத்தா" என்று கையில் கொடுத்துவிட்டாள். என் வேலையைத் திருப்பிக் கொடுத்த முதல் ஆள் அவள்தான்.

பிறகு எனக்கு முழங்கால் ஆபரேஷன் நடந்தது. நடக்காவிட்டால் மூட்டு இறுகிவிடும் என்றார் டாக்டர். நான் நாற்காலியை விட்டு நகரவில்லை. வீட்டில் வலி என்று சொல்லிவைத்தேன். உண்மையில் பயம். விழுந்துவிடுவேனோ என்ற பயம். அதை இங்கேதான் முதல் தடவை சொல்கிறேன்.

அந்தப் பள்ளிக்கூட லீவில் அவள் வீட்டில் இடம் போதாமல் தண்டவாளம் வராந்தாவைத் தாண்டி எங்கள் வீட்டுக்குள் வந்தது. என் நாற்காலியடிதான் ஒன்றாம் பிளாட்பாரம். சாயங்காலம் அஞ்சு மணி வண்டியில், என் வீட்டம்மா கூட்ஸ் பெட்டியில் ஒரு பிடி காராச்சேவு ஏற்றி அனுப்புவாள். நாலு நாள் உட்கார்ந்த இடத்தில் சுகமாகத் தின்றேன்.

ஐந்தாம் நாள் துண்டுகளைப் பிரித்து வேறு பக்கம் கோத்தாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு, "யாத்ரிகண் க்ருப்யா த்யான் தே" என்று ஸ்டேஷன் மைக் மாதிரி இந்தியில் அறிவிப்பை ஆரம்பித்தாள். வண்டி இன்றைக்கு மூன்றாம் பிளாட்பாரத்தில் வருமாம். மூன்று என்றால் சமையலறை வாசல்.

"ஏ தாயி, இங்கனயே கொண்டா."

"வராது தாத்தா. பேசெஞ்சர்லாம் அங்க போயாச்சு. ஜல்தி வாங்கோ."

ஓடுகிற லோக்கலில் தாவி ஏறியே காலம் கழித்தவன் நான். சுவரைப் பிடித்து எழுந்தேன். ஆறு எட்டு வைத்தேன். இரண்டு எட்டு பாக்கி இருக்கையில் வண்டி கிளம்பிவிட்டது, காராச்சேவோடு.

அடுப்படியில் நின்ற என் வீட்டம்மா, "தாராவியையே கட்டி ஆண்ட ஆளு, பொம்மை வண்டியைக் கோட்டை விட்டாச்சு" என்றாள்.

மறுநாள் நாலே முக்காலுக்கே மூன்றாம் பிளாட்பாரத்தில் போய் நின்றேன். வண்டி நாலில் வந்தது. நாலு, எங்கள் வாசல்படி. அடுத்த வாரம் வராந்தா. அப்புறம் லிப்ட் வரைக்கும் போனது லைன்.

ஒரு மாசம் கழித்து, இப்படி மாற்றச் சொன்னது டாக்டரா, என் வீட்டம்மாவா என்று டேசன் மாஸ்டரிடம் கேட்டேன். அவளுக்குக் கேள்வியே புரியவில்லை.

"யாரும் சொல்லலை. நெஜ ஸ்டேஷன்லயும் மாத்தறாளே தாத்தா."

இப்போது செம்பூர் மார்க்கெட்டுக்கு நடந்தே போய் வருகிறேன். எங்கே போனாலும் நாலே முக்காலுக்கு வீட்டில் இருப்பேன். எந்தப் பிளாட்பாரம் என்று கடைசி நிமிஷத்தில்தானே சொல்வாள்.