கரண்டில் போன லட்சுமி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் தாய்மாமன் ஊரில் எனக்குச் 'சினை மாட்டைக் கொன்னவன்' என்று பெயர். திருக்கழுக்குன்றத்திலிருந்து உள்ளே போகும் அந்தக் கிராமத்தில் நான் என்ன படித்தேன், எங்கே வேலை பார்க்கிறேன் என்பதெல்லாம் யாருக்கும் தெரியாது. மாட்டு விஷயம் மட்டும் பால்வாடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். இத்தனைக்கும் அந்த மாடு என் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. நிஜப் புல் ஒன்றைக்கூடத் தின்றதில்லை. கையடக்க வீடியோ கேம் பெட்டி ஒன்றுக்குள் குடியிருந்தது. (இதைச் சொன்னால் யார் காதில் போட்டுக்கொள்கிறார்கள்? கொலைகாரன் என்றால் கொலைகாரன்தான்.)

அந்தப் பெட்டியைச் சிங்கப்பூர் சித்தப்பா எனக்குத்தான் வாங்கி வந்தார். அப்போது நாங்கள் அணுபுரம் குவார்ட்டர்ஸில் இருந்தோம். நான் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தேன், அதாவது மூன்று பேப்பரில் அரியர் வைத்துக்கொண்டிருந்தேன். ரிசல்ட் வந்த அன்று அம்மா பெட்டியைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். என் பிள்ளையைக் கெடுத்தது எது என்று பார்த்துவிடுவோம் என்று ஒருநாள் மதியம் அவளே அதைத் திறந்து பார்த்தாள். அதோடு முடிந்தது கதை. பிறகு அந்தப் பெட்டி என் கைக்கு வருவதே அபூர்வமாகிவிட்டது.

அம்மாவைப் பிடித்துக்கொண்டது ஒரு விவசாய விளையாட்டு. நிலத்தை உழலாம், தக்காளி போடலாம், மாடு வளர்க்கலாம். அம்மா ஒரு கோழியும் இரண்டு மாடும் வாங்கினாள். செல்லமான மாட்டுக்கு லட்சுமி என்று பெயர். எப்போது பார்த்தாலும் வேலியை முட்டிக்கொண்டு நின்ற இன்னொரு மாட்டுக்கு மேல் வீட்டுப் பங்கஜம் ஆன்ட்டியின் பெயரை வைத்தாள். "பங்கஜத்துக்கு இன்னைக்குத் தண்ணி காட்டலை, கிடக்கட்டும்" என்று அம்மா சொல்லும்போது பங்கஜம் ஆன்ட்டி படியிறங்கி வந்து, நான் இருமி இருமித் தொண்டை கட்டிப்போன நாளெல்லாம் உண்டு.

அந்த விளையாட்டு கடையில் வாங்கியது அல்ல. பெட்டிக்குக் கம்பெனி போட்டு அனுப்பிய பூட்டை உடைத்து, வேறொரு சிஸ்டத்தை ஏற்றியிருந்தேன். அப்படிச் செய்துவிட்டால் எந்த விளையாட்டையும் மெமரி கார்டில் போட்டு ஓட்டலாம். உலகம் பூராவும் வேலைவெட்டி இல்லாத புண்ணியவான்கள் வீட்டில் உட்கார்ந்து எழுதிய குட்டிக்குட்டிச் செயலிகளையும் ஓட்டலாம். அப்படி ஒரு பியானோ, ஒரு கால்குலேட்டர், ஒரு டார்ச் லைட் என்று போட்டு வைத்திருந்தேன். (டார்ச் லைட் என்பது வெறும் வெள்ளைத் திரை. அதைச் சொந்தக்காரர்களிடம் காட்டி ஆச்சரியப்பட வைத்த பெருமை எனக்குண்டு.) எந்த ஃபைல் எந்த ஃபோல்டரில் போகவேண்டும் என்று காலனியில் எனக்கு மட்டும்தான் தெரியும். நாசாவே ஆள் தேடி வரும் என்ற நினைப்பில் திரிந்தேன்.

அப்பா அணுமின் நிலையத்தில் டெக்னீஷியன். பாதுகாப்பு அவர் ரத்தத்தில் ஊறிய விஷயம். பெட்டியின் பாட்டரி லேசாக வீங்கியதைப் பார்த்ததும், "இது வீட்டுல இருக்கக் கூடாது" என்று கழற்றிக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து பெட்டி ஒயரில்தான் ஓடியது. அம்மா பிளக் பாயின்ட் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மாடு மேய்த்தாள்.

அப்பாவிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. அவர் வேலை செய்யும் இடத்தில் ஒரு மெஷினை ரிப்பேர் பார்க்கிறார்கள் என்றால் அதன் சுவிட்சில் ஒரு சிவப்பு அட்டையை மாட்டிவிடுவார்களாம். மாட்டியவர் கழற்றும்வரை வேறு யாரும் அந்தச் சுவிட்சைத் தொடக் கூடாது. அதேபோல வீட்டுக்கும் ஒன்று எழுதி வைத்திருந்தார்: 'வேலை நடக்கிறது, தொடாதே.' மிக்ஸி ரிப்பேர் என்றாலும் அட்டை தொங்கும், பாத்ரூம் பல்பு மாற்றினாலும் அட்டை தொங்கும். நாங்கள் எல்லோரும் சிரிப்போம்.

மாமா மகள் செல்விக்கு நிச்சயதார்த்தம் வந்தது. மாமல்லபுரத்து மாப்பிள்ளை, அவர்களுக்குச் சொந்தமாகச் சிற்பப் பட்டறை இருந்தது. முதல் நாளே அப்பா, அம்மா, நான் மூவரும் மாமா வீட்டுக்குக் கிளம்பினோம். அம்மா பட்டுப்புடவைக்கு நடுவில் கேம் பெட்டியையும் சுருட்டி வைத்தாள். ஏனென்றால் லட்சுமி சினையாக இருந்தாள். விளையாட்டுக் கணக்குப்படி இன்னும் ஒரே நாளில் கன்று போடவேண்டும். "கன்னு போடுற நேரத்துல விட்டுட்டு வர மனசில்லடா" என்றாள். கிளம்பும்போது அப்பா என்னிடம் சிவப்பு அட்டையைக் கொடுத்து, "அங்க ஏதாவது நோண்டினா, பிளக்குல இதை மாட்டு" என்றார். பஸ்ஸில் புழுக்கம் தாங்கவில்லை. அட்டையை விசிறியாக்கிக்கொண்டேன். நல்ல காற்று.

நிச்சயத்தன்று காலையில் வீடு அமளிதுமளிப்பட்டது. அம்மா சமையலுக்கு ஒத்தாசை செய்யப் போக, பெட்டி என் கைக்கு வந்தது. பக்கத்தில் மாமா மகன் குமரன் வந்து உட்கார்ந்தான். மறைமலைநகரில் கார் பாகம் செய்யும் கம்பெனியில் வேலை, கம்பெனி பஸ்ஸில் போய்வருபவன்.

"இன்னா மச்சான், இதுல கார் கேம் எதுனா கீதா?"

இருந்தது. ஆனால் அந்தப் புது கேம் ஓடவேண்டுமென்றால் சிஸ்டத்தை அடுத்த வெர்ஷனுக்கு ஏற்றவேண்டும். எனக்குக் கை துறுதுறுத்தது. பாட்டரி இல்லாமல் அப்டேட் செய்ய மாட்டேன் என்று பெட்டி அடம்பிடித்தது. அதற்கும் இணையத்தில் ஒரு குறுக்குவழி இருந்தது, அதையும் செய்து முடித்தேன். 'நடுவில் மின்சாரத்தைத் துண்டிக்காதீர்கள்' என்று திரையில் பெரிதாக வந்தது. நான் அணுமின் நிலையத்துக் காலனியில் வளர்ந்தவன். அறைக்கு அறை நாலு பிளக் பாயின்ட், கரண்ட் போனால் அதிசயம். மின்சாரம் என்பது காற்று மாதிரி அதுபாட்டுக்கு இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நடுவுல புட்டுகிச்சின்னா?" என்றான் குமரன்.

"அதெல்லாம் ஆகாது மச்சான். நான் இதுல கரை கண்டவன்" என்றேன், அப்பாவின் அட்டையால் கொசு விரட்டியபடி.

கூடத்தில் இருந்த ஒரே பிளக்கில் சீரியல் செட் விளக்கு மாட்டியிருந்தார்கள். அதனால் எங்கள் ஒயர் ஜன்னல் வழியாகச் சமையலறைக்குப் போயிருந்தது. பாதி அப்டேட் ஆகியிருக்கும். உள்ளே மாமாவின் மனைவி, என் அத்தை, யாரிடமோ சொல்வது கேட்டது.

"இன்னாடி இது ஒயரு? சட்னி அரைக்கணும், அதப் புடுங்கி எறி!"

"அத்தை, வேணாம்!" என்று நான் கத்தியதும், மிக்ஸி கர்ரென்று சுற்றியதும், திரை கறுத்ததும் ஒன்றாக நடந்தன. தேங்காய்ச் சட்னி என்று பிறகு தெரிந்தது.

மறுபடி ஒயரைச் சொருகினேன். பச்சை விளக்கு ஒரு தரம் மின்னிச் செத்தது. தட்டினேன், ஊதினேன், பிள்ளையாரை வேண்டினேன். ஒன்றும் பலிக்கவில்லை. வேர்த்து வழிந்துகொண்டு நின்றபோது முந்தானையில் கையைத் துடைத்தபடி அம்மா வந்தாள்.

"கொஞ்சம் குடுடா, கன்னு போட்டுச்சா பாக்கறேன்."

நான் பெட்டியை நீட்டினேன். அம்மா பட்டனை அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். இருபது வருஷம் காலனியில் பழகிய தமிழ் ஒரே நொடியில் பறந்து, பிறந்த ஊர்த் தமிழ் வந்துவிட்டது.

"அடப்பாவி! என் மாட்ட இன்னாடா பண்ண?"

அடித்திருந்தால்கூடத் தேவலை. கொல்லைப்புறம் போய்க் கிணற்றடியில் உட்கார்ந்து அழுதாள். சும்மா இல்லை, நிஜமாகவே அழுதாள். "இன்னைக்குக் கன்னு போடவேண்டிய மாடு அண்ணி, கரண்டுல போச்சே! எம் புள்ளயே கொன்னுட்டானே!" என்று அத்தையிடம் சொல்லி அழுததை, பால் கொடுக்க வந்த பக்கத்து வீட்டுக் கன்னியம்மா கேட்டுவிட்டாள். யார் வீட்டு மாடு என்றுகூடக் கேட்காமல், அவள் சொம்பை அப்படியே வைத்துவிட்டுத் தெருவுக்கு ஓடினாள்.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை வீட்டு வேன் தெருமுனையில் திரும்பியது. கன்னியம்மா வேனை நிறுத்தியே சொல்லியிருக்கிறாள்.

மாப்பிள்ளையின் அப்பா மட்டும் இறங்கி வந்தார். கல்லோடு பழகியதாலோ என்னவோ, முகமும் கல்லாக இருந்தது. தட்டுகள் வேனிலேயே இருந்தன.

"சம்பந்தி, தப்பா நெனைக்காதீங்க. நல்ல காரியம் நடக்கற வூட்ல சினை மாடு செத்துக் கெடக்கறப்ப எப்டி தட்டு மாத்தறது? இன்னொரு நாள் பாத்துக்கலாம்."

மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "எங்க வூட்ல மாடே இல்லீங்களே!"

"ஊரே சொல்லுது, நீங்க மறைக்கறீங்களே!"

மாமா என்ன சொன்னாலும் அது மறைப்பதாகவே ஆனது. பின்னால் கிணற்றடியிலிருந்து அம்மாவின் விசும்பல் வேறு சாட்சி சொன்னது. கதவிடுக்கிலிருந்து செல்வி என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். அலங்காரமெல்லாம் கண்ணீரில் கரைந்துகொண்டிருந்தது. "இந்தக் கல்யாணம் நின்னுச்சு, உன்ன சும்மா வுடமாட்டேன் பாபு. போய்ச் சொல்லு!" என்றாள். விளையாட்டு வினையாகும் என்று சொல்வார்கள், அது கல்யாணத்தை நிறுத்தும் அளவுக்கு ஆகும் என்று நான் கண்டேனா?

ஊர் கூடி நின்ற வாசலில் செத்த பெட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு போய் நின்றேன்.

"ஐயா, மாடு இதுக்குள்ளதான் இருந்துச்சு."

அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எதுக்குள்ள?"

"இதுக்குள்ள. அது கேம் மாடு. நான் சிஸ்டத்தை அப்டேட் பண்ணேன், அத்தை சட்னி அரைச்சாங்க, மாடு போயிடுச்சு."

இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. பதற்றத்தில் எனக்குத் தோன்றாதது அப்பாவுக்குத் தோன்றியது, அவர்தான் முன்னால் வந்தார். பெட்டியின் ஓரத்தைத் திறந்து, நகத்தளவு மெமரி கார்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

"மாடு இதுல பத்திரமா இருக்குங்க. பெட்டிதான் போச்சு. இங்க எந்தச் சாவும் இல்லை."

மாப்பிள்ளையின் அப்பா ரொம்ப நேரம் அந்தக் கார்டையே பார்த்தார். பிறகு நேராகக் கிணற்றடிக்குப் போனார். நாங்களும் பின்னாலேயே போனோம்.

"பேரு இன்னா தங்கச்சி, மாட்டுக்கு?"

"லட்சுமி" என்றாள் அம்மா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "இன்னைக்குக் கன்னு போடவேண்டியதுங்க."

அவர் திரும்பி, வேன் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார். "தட்ட எறக்குங்கப்பா! பொம்ம மாட்டுக்கே இப்டி அழுவற ஜனம், நம்ம வூட்டுக்கு வாழ வர்ற பொண்ணு நல்லாத்தான் இருக்கும்." பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். "செத்தது மாடு இல்ல. இந்தத் தம்பியோட மூள."

ஊரே சிரித்தது. செல்விக்குத் தட்டு மாற்றினார்கள். எனக்கு இட்லிக்குச் சட்னி வைக்கும்போது அத்தை, "போதுமா, இன்னும் கொஞ்சம் மாட்டுச் சட்னி வைக்கட்டுமா?" என்றார்.

கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் அப்பா அம்மாவைக் கூப்பிட்டு, தன் கையால் செதுக்கிய ஒரு சின்னக் கருங்கல் பசுவைக் கொடுத்தார். காலடியில் ஒரு கன்று. "இது கரண்டு போனாலும் சாவாது தங்கச்சி" என்றார். அம்மா சிரித்துக்கொண்டு வாங்கிக்கொண்டாள். ஆனால் அதற்குப் பிறகு எந்த விளையாட்டையும் தொடவில்லை. வேறு பெட்டி வாங்கித் தருகிறேன் என்றபோதெல்லாம், "போடா, எனக்கு வேற வேலையில்லையா" என்றாள். ஸ்டூல் மட்டும் அந்தப் பிளக் பக்கத்திலேயே ரொம்ப நாள் கிடந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும்.

வருஷங்கள் ஓடின. அப்பா ரிட்டையர் ஆகி, செங்கல்பட்டில் வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டோம். போன மாட்டுப் பொங்கலுக்கு முன்னால் இப்போதைய கையடக்கப் பெட்டி ஒன்றை வாங்கினேன். அதன் பூட்டையும் திறந்து, பழைய பெட்டிபோலவே நடிக்கும் ஒரு செயலியை ஏற்றினேன். அப்பா அந்த மெமரி கார்டை இத்தனை காலமும் சின்னப் பிளாஸ்டிக் கவர் ஒன்றில் போட்டு, தன் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்திருந்தார். பெட்டி முழு சார்ஜில் இருந்தது, பிளக்கிலும் மாட்டியிருந்தது. போதாதென்று அப்பா எழுந்து போய் அந்தப் பிளக்கில் சிவப்பு அட்டையை மாட்டினார். இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை.

திரை வெளுத்தது. தக்காளிச் செடி, வேலி, வேலியை முட்டிக்கொண்டு பங்கஜம், அவளுக்குப் பக்கத்தில் லட்சுமி. அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.

அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தாள். "இளைச்சுட்டாடா" என்றாள்.

மாட்டுப் பொங்கலன்று மத்தியானம் லட்சுமி கன்று போட்டாள். அம்மா செல்விக்குப் போன் செய்து சொல்ல, செல்வியிடமிருந்து போனை அவள் மாமனார் பிடுங்கினார். "ரொம்ப சந்தோசம் தங்கச்சி. அதெல்லாம் சரி, சீம்பால் எங்க? மாடு கன்னு போட்டா சொந்தக்காரங்களுக்கு அனுப்பணுமா இல்லியா?"

மறுநாள் தெரிந்த பால்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி நிஜச் சீம்பால் வாங்கினேன். அம்மா வெல்லம் போட்டு வேகவைத்து, துண்டு போடும் பதத்துக்கு இறுகியதும் தூக்கில் கொடுத்தாள். வழியில் யாரும் திறந்துவிடக் கூடாதாம், அப்பா தூக்கின் காதில் சிவப்பு அட்டையைக் கட்டிவிட்டார். அதோடு பைக்கில் மாமல்லபுரம் போய்ச் சேர்ந்தேன்.

மாப்பிள்ளையின் அப்பா பட்டறை வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். தூக்கை வாங்கி, அட்டையை நிதானமாகப் படித்தார். கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வெட்டட்டுமா தம்பி? இல்ல, இதுவும் எதுனா அப்டேட்டு ஆயிகினு கீதா?"