படகில் ஹெலிகாப்டர் எஞ்சினை வைத்த மாப்பிள்ளை பற்றிச் சம்பந்திக்கு

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் வீட்டில் அனைவரும் சௌக்கியம் என்று நம்புகிறேன். சம்பந்தி அம்மாவின் முழங்கால் வலி இந்நேரம் குறைந்திருக்கும். இங்கே நான், என் மனைவி, உங்கள் மகன், என் மகள் ஆகிய நால்வரும் இன்று மாலை வரை உயிரோடு இருக்கிறோம். நாளைய நிலவரத்துக்கு நான் பொறுப்பேற்க இயலாது.

நிற்க. சம்பந்தம் பேச வந்தபோது பையன் என்ன செய்கிறார் என்று உங்களைக் கேட்டேன். "படகுக்கு எஞ்சின் மாட்டுகிறான்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுக் காப்பியைக் குடித்தீர்கள். நானும் ஏதோ ஆற்றைக் கடக்கிற படகு, பின்னால் சின்னதாக ஒரு எஞ்சின் தொங்கும், டுப்டுப் என்று போகும் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டேன். பந்தயப் படகு என்று நீங்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதை ஓட்டப்போவது என் மகள் என்று அப்போது யாருக்குமே தெரியாது. நான் வேலை பார்த்த காலமெல்லாம் காப்பீட்டு நிறுவனத்தின் தீ விபத்துப் பிரிவில் கழிந்தது உங்களுக்குத் தெரியும். எரிந்துபோன கிடங்குகள், எரிந்துபோன லாரிகள், பாதி எரிந்த கல்யாண மண்டபம் என்று பார்த்துப் பார்த்து நான் கற்றது ஒன்றுதான்: எல்லாத் தீயும் யாரோ ஒருவர் "ஒண்ணும் ஆகாது" என்று சொன்ன இடத்தில்தான் தொடங்குகிறது. உங்கள் மகன் ஒரு நாளைக்கு எத்தனை தரம் "ஒண்ணும் ஆகாது மாமா" என்கிறார் என்பதை நீங்கள் இங்கே வந்து கேட்க வேண்டும்.

போன மாதம் ஒரு மரப்பெட்டி வந்தது. கார் கொட்டகையில் இறக்கினார்கள். என் கார் தெருவில் வெயிலுக்குப் போயிற்று. பெட்டியைத் திறந்தால் ஆள் நீளத்துக்குப் பளபளவென்று உருளையாக ஒரு சாமான். "என்ன மாப்பிள்ளை, வெந்நீர் போடுறதா?" என்று கேட்டேன். "டர்பைன் மாமா. ஹெலிகாப்டர்ல இருந்து கழட்டினது." "ஹெலிகாப்டருக்கு என்ன ஆச்சு?" "ஒண்ணும் ஆகல மாமா. வயசாயிடுச்சு, ரிட்டயர் பண்ணிட்டாங்க." ரிட்டயர் ஆனதை நிம்மதியாக உட்கார விட வேண்டியதுதானே என்று வாய்வரை வந்தது. என்னைச் சொல்வதாக எடுத்துக்கொண்டு என் மனைவி சிரிப்பாள் என்று விழுங்கிக்கொண்டேன். படகில் ஏற்கெனவே பீரோ பீரோவாக இரண்டு பெட்ரோல் எஞ்சின்கள் இருந்தன. அவை இரண்டையும் தூக்கிவிட்டு இந்த ஒன்றை வைப்பார்களாம். எடை பாதிகூட இல்லை, சக்தி அவை இரண்டையும் சேர்த்ததைவிட அதிகமாம். நல்லதுதானே என்று நீங்கள் நினைப்பீர்கள், நானும் நினைத்தேன். ஆனால் பின்பக்கம் எடை குறைந்தால் படகு தலைகுப்புற நிற்குமாம். அதனால் எண்ணெய்த் தொட்டியைப் பின்னால் நகர்த்தினார்கள். தொட்டியை நகர்த்தினால் புகைக்குழாய் இடிக்கிறது. புகைக்குழாய் என்றால் அடுப்படிக் குழாய் இல்லை, என் இடுப்புப் பருமன், அதன் வழியே வருகிற காற்றில் இரும்பே சிவக்கும். அதற்குப் பக்கத்தில் எண்ணெய்த் தொட்டி! நான் என் பழைய அலுவலகக் குரலில் கேட்டேன். "நடுவுல தடுப்பு வச்சிருக்கோம் மாமா, ஒண்ணும் ஆகாது" என்றார்.

இந்தக் காரியத்துக்குத் துணையாக ஒருவரைப் பிடித்து வந்திருக்கிறார். வாழ்நாள் முழுக்க ஹெலிகாப்டர் எஞ்சின்களைக் கழற்றி மாட்டியவர். எல்லாரும் ஹெலிகாப்டர்காரர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அந்த இரைச்சலில் காது முக்கால்வாசி போய்விட்டதால் "உப்பைக் கொஞ்சம் தள்ளுங்க" என்பதைக்கூடக் கப்பல் மூழ்குகிற மாதிரிதான் சொல்வார். முதல் தடவை எஞ்சினைக் கிளப்பிப் பார்க்கிற அன்று, நானும் மனைவியும் மாப்பிள்ளையின் கரையோரப் பட்டறைக்குச் சாப்பாடு கொண்டுபோனோம். படகு டிரெய்லர் மேல் நிற்கிறது. வாசலிலேயே ஹெலிகாப்டர்காரர் மறித்து, "பாக்கெட்டுல இருக்கிறதெல்லாம் எடுங்க!" என்று கத்தினார். அந்த எஞ்சின் காற்றை இழுக்கிற இழுப்பில் ஒரு திருகாணி உள்ளே போனால் போதுமாம், உள்ளே சுழலும் அத்தனை தகடும் நொறுங்குமாம். பேனா, சீப்பு, சாவி, மூக்குக் கண்ணாடி எல்லாம் பறிபோயிற்று. மனைவி கொண்டையிலிருந்து ஊசிகளை உருவிக் கொடுத்துவிட்டுத் தலைவிரி கோலமாக நின்றாள். அவளுக்கு ஏனோ ஒரே உற்சாகம். எனக்கோ கண்ணாடி இல்லாமல் எதுவும் தெரியவில்லை, காது மட்டும்தான்.

பொத்தானை அழுத்தினார்கள். முதலில் ஒரு முனகல். அது மெல்ல மெல்ல ஏறி விசிலாகிறது. மாப்பிள்ளை எண்ணெயைத் திறந்தார், உள்ளே 'பொக்' என்று பற்றிக்கொண்டது. ஏறிக்கொண்டே போக வேண்டிய அந்த விசில் ஓரிடத்தில் இளைத்த மாதிரி எனக்குப் பட்டது. அவ்வளவுதான். "நிறுத்துங்க!" என்று கத்திவிட்டேன். யாரும் திரும்பவில்லை. நான் எல்லாவற்றுக்கும் கத்துகிறவன் என்று எல்லாருக்கும் தெரியும். அடுத்த கணம் ஹெலிகாப்டர்காரர் சூடு காட்டுகிற முள்ளைப் பார்த்துவிட்டு என்னைவிடப் பெரிதாகக் கத்தினார்: "எண்ணெய நிறுத்து! சுத்தறத நிறுத்தாத! எண்ணெய மட்டும் நிறுத்து!" பேட்டரி சோர்ந்துபோய் எஞ்சினைச் சுற்ற முடியாமல் திணறியிருக்கிறது, காற்று போதாமல் நெருப்பு மட்டும் வளர்ந்திருக்கிறது. புகைக்குழாயிலிருந்து ஒரு ஆள் உயரத்துக்குத் தீ வந்தது, சம்பந்தி. கண்ணாடி இல்லாமலே பார்த்தேன். மாப்பிள்ளை எண்ணெயை மூடினார், தீ உள்ளே இழுத்துக்கொண்டு அடங்கியது. அடங்கிய பிறகு, எல்லாம் முடிந்த பிறகு, சந்தோஷத்தில் படகிலிருந்து குதித்தார் பாருங்கள், அப்போதுதான் மணிக்கட்டு ஒடிந்தது. தீயில் ஒரு ரோமம் கருகவில்லை. நான் இதுவரை பார்த்த எந்த விபத்துப் படிவத்திலும் இப்படி ஒரு காரணத்தை எழுத இடமே கிடையாது.

ஹெலிகாப்டர்காரர் பாம்பு மாதிரி நெளிகிற ஒரு சின்னக் கேமராவை எஞ்சினுக்குள் விட்டு ஒவ்வொரு தகடாகப் பார்த்தார். என் மகள் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். இந்தப் படகு ஓடினால்தான் அதன் முதலாளி தன் மற்றப் படகுகளையும் இவர்களிடம் தருவார். ஓடாவிட்டால் பட்டறையை மூட வேண்டியதுதான், இரண்டு பேரும் இருந்த வேலையையும் விட்டாயிற்று. கடைசியில் அவர் கேமராவை உருவிக்கொண்டு, "தப்பிச்சது!" என்று கூரை அதிரச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "முள்ளு ஏறுறதுக்கு முன்னாடியே நீங்க கத்தினீங்களே, எப்படி?" என்றார். "நான் எப்பவும் முன்னாடியே கத்துவேன்" என்றேன். என் மனைவி "ஆமாம்" என்றாள்.

இனி இன்று காலை நடந்தது. பந்தயக் குழுவின் பரிசோதகர்கள் இன்று வந்து படகு ஓடுவதைப் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் இந்த வருடப் பந்தயம். தள்ளிப்போட முடியாது. படகில் இரண்டு இருக்கை. இடப்பக்கம் இருப்பவர் திருப்புவார், அது என் மகள். வலப்பக்கம் இருப்பவர் கையில் வேகக் கைப்பிடி, அது உங்கள் மகன், அவர் கையிலோ மாவுக்கட்டு. ஒருவர் மட்டும் போக விதியில் இடமில்லை. ஹெலிகாப்டர்காரர் போகலாம் என்றால் அவள் சொல்வது அவர் காதில் விழாது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "பைத்தியமா உங்களுக்கு?" என்றேன். அந்தக் கைப்பிடியைப் பற்றி மாப்பிள்ளை முன்பே எனக்கு விளக்கியிருந்தார்: அலையில் படகு எம்பும்போது அதைத் தள்ளுகிற விசிறி தண்ணீரை விட்டு வெளியே வரும், அப்போது முழு வேகத்தில் இருந்தால் டர்பைனுக்குப் பாரமே இல்லாமல் வெறி பிடித்துச் சுழலும், அது வெடிக்காமல் இருக்க ஒரு காவல் கருவி எஞ்சினையே அணைத்துவிடும், அந்த வேகத்தில் எஞ்சின் அணைந்தால் படகு மூக்கைத் தண்ணீரில் குத்தும். "அப்புறம்?" என்று கேட்டேன். "அப்புறம் ஒண்ணுமில்ல மாமா" என்றார். அவர் ஒண்ணுமில்லை என்று சொன்னவற்றிலேயே அதுதான் எனக்கு மிகவும் பிடிக்காதது.

என் மகள் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு வந்து, "அப்பா, மெதுவாத்தான் போவேன். நான் 'கொடு'ன்னா முன்னால தள்ளுங்க, 'குறை'ன்னா பின்னால இழுங்க. வேற எதையும் தொடாதீங்க" என்றாள். அவள் முகத்தைப் பார்த்தேன். நான் வராவிட்டால் இந்தப் பெண் வேறு யாராவது தெரியாத ஆளை ஏற்றிக்கொண்டு போய்விடுவாள் என்று தெரிந்தது. அவள் சைக்கிள் பழகும்போது பின்சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடியவன் நான். விட்டுவிட்டதாகச் சொல்லிவிட்டு விடாமல் ஓடியவன். ஏறினேன். தலைக்கு மேல் கண்ணாடி மூடியைப் போட்டுப் பூட்டினார்கள். என் மனைவி கரையிலிருந்து கையசைத்தாள், ஏதோ நான் வெளியூர் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி.

மெதுவாகத்தான் தொடங்கினாள். எஞ்சின் சத்தம் முதுகெலும்பு வழியாக வருகிறது. "கொடு" என்றாள், தள்ளினேன். ஒன்றும் நடக்கவில்லை. நல்லது, கெட்டுவிட்டது என்று நினைத்தேன். ஒரு மூச்சு கழித்து யாரோ பின்னாலிருந்து உதைத்த மாதிரி படகு பாய்ந்தது. அந்த வேகத்தில் தண்ணீர் தண்ணீராக இல்லை, ஜல்லி கொட்டிய தெருவாக இருக்கிறது. நான் மாட்டியிருந்த மாப்பிள்ளையின் தலைக்கவசத்துக்குள்ளிருந்து காதில் மகள் குரல்: "அப்பா, மூச்சு விடுங்க." "விட்டுட்டுத்தாம்மா இருக்கேன்." "எனக்குக் கேக்கலையே." மிதவையைச் சுற்றித் திரும்பினோம். தூரத்தில் ஒரு பயணிகள் படகு குறுக்கே போய்விட்டிருந்தது. அது போன தடத்தில் தண்ணீர்மேல் மெல்லியதாக ஒரு கறுப்புக் கோடு. அவ்வளவுதான், கோடு. அது எனக்குப் பிடிக்கவில்லை. கை தானாகக் கைப்பிடியைப் பின்னால் இழுத்துவிட்டது. "அப்பா! நான் சொல்லவே இல்லையே! எதுக்கு..." என்று அவள் முடிக்கவில்லை, அந்தக் கோடு அலையாகிப் படகைத் தூக்கி எறிந்தது, தண்ணீர் காணாமல் போய்விட்டது. கீழே ஒன்றுமில்லை, சம்பந்தி. வானம் மட்டும். பின்னால் எஞ்சினின் ஊளை ஏறுகிறது, ஏறுகிறது, இதோ அணையப்போகிறது, மூக்கு குத்தப்போகிறது என்று நான் கண்ணை மூடினேன். ஏறிய ஊளை அப்படியே மனசு மாறி இறங்கியது. படகு வயிற்றோடு தண்ணீரில் உட்கார்ந்தது. என் பல்லெல்லாம் இருக்கிறதா என்று நாக்கால் பார்த்தேன். பிறகு மிகச் சன்னமாக, "கொடுங்கப்பா" என்றாள். மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன், அதற்குள் கை கொடுத்துவிட்டது. கரை வரும்வரை அப்படி இன்னும் எத்தனையோ கோடுகள். எனக்கு ஒரு கோடும் பிடிக்கவில்லை. அவளும் அதற்குப் பிறகு 'குறை' என்று சொல்லவே இல்லை.

கரையில் இறங்கியதும் நான் பட்டறைக்குப் பின்னால் போய்க் காலையில் சாப்பிட்டதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் பரிசோதகர்கள் கை குலுக்கிக்கொண்டிருக்கிறார்கள், மாப்பிள்ளை கட்டுப்போட்ட கையைத் தூக்கிக்கொண்டு ஆடுகிறார், ஹெலிகாப்டர்காரர் எஞ்சினின் பதிவுகளைத் திரையில் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறார். என் மகள் வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அவளும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தாள். அது அவளுக்குத் தெரியாது.

ஆகவே சம்பந்தி அவர்களே, உங்கள் காலைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன். நான் சொன்னால் மாப்பிள்ளை சிரிக்கிறார். நீங்கள் பெற்றவர். இந்தக் கடிதம் கண்டதும் அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, கொஞ்சம் கோபமாகவே, அந்த டர்பைனைக் கழற்றிப் பெட்டியில் போடச் சொல்லுங்கள். பழைய எஞ்சின்கள் இன்னும் பட்டறை மூலையில்தான் இருக்கின்றன. உங்கள் வார்த்தையைத் தட்ட மாட்டார். என் மகளின் உயிர் உங்கள் கையில் இருக்கிறது.

சம்பந்தி அம்மாவுக்கு என் மனைவியின் அன்பைச் சொல்லவும். வீட்டில் சின்னவர்களுக்கு ஆசிகள்; எல்லாரும் நீண்ட ஆயுளோடு, கூடுமானவரை தரையில், நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தூக்கம் இழந்த உங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: இதை எழுதி முடிக்கும்போது ஹெலிகாப்டர்காரர் வீட்டுக்கே வந்துவிட்டார். நாற்காலியில் உட்கார்ந்து, பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துச் சொன்னார்: "பெட்ரோல் எஞ்சின்னா இழுத்த உடனே கேக்கும். டர்பைன் யோசிச்சுத்தான் கேக்கும். அலை வந்தப்புறம் பயப்படற ஆளு அதுக்கு உதவ மாட்டான். வர்றதுக்கு முன்னாடியே பயப்படணும். உங்க மாப்பிள்ளைக்கு அது சுட்டுப்போட்டாலும் வராது. இன்னைக்கு ஒரு தடவைகூட எஞ்சின் எல்லை தாண்டல. இந்த மாதிரி கை நான் பார்த்ததே இல்ல, சார்." நான் முடியவே முடியாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு, திருப்பத்தில் கொஞ்சம் முன்னாலேயே இழுத்தால் இன்னும் சீராகப் போகுமோ என்று ஒரு சந்தேகம் மட்டும் கேட்டேன். பேச்சு கொஞ்சம் நீண்டுவிட்டது. எனக்கு அளவெடுத்துத் தலைக்கவசம் செய்யக் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே தயவுசெய்து மாப்பிள்ளையைக் கூப்பிட்டு எதுவும் சொல்ல வேண்டாம். அவர் கட்டுப் பிரிக்கும் வரைதான் என்று ஒப்புக்கொண்டிருக்கிறேன். ஆனால் எலும்பு விஷயம் பாருங்கள், அவசரப்படக் கூடாது, கையை நன்றாக ஓய்வில் வைக்கச் சொல்லி நீங்கள் ஒரு வார்த்தை எழுதினால் உதவியாக இருக்கும்.