காலுக்கு ஒரு பொன்னாடை

மரியாதை கூடிப்போனாலும் மனிதனுக்கு ஆபத்துத்தான். (நம்பாதவர்கள் என் இடது கணுக்காலை வந்து பார்க்கலாம்.)

கல்முனையில் மாற்றுத்திறனாளிகளுக்காக நாங்கள் நடத்தும் சிறிய சங்கம், ஓய்வுபெற்ற இரண்டு ஆய்வாளர்களைக் கௌரவிக்க முடிவெடுத்தது. குலசிங்கம் ஐயா, வயல் சேற்றில் புதையாத செயற்கைக் காலை உருவாக்கியவர். நஸீமா மேடம், கால் இழந்தவர்கள் கடற்கரை மணலில் மறுபடி நடக்கப் பழகுவது எப்படி என்று ஆயுள் முழுக்க ஆராய்ந்தவர். இப்போது அவரே சக்கர நாற்காலியில்.

மேடைப் பொறுப்பு எனக்கு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான்தான். மகன் மைக் பிடிக்கப்போகிறான் என்று வாப்பா தன்னோடு கரைவலை இழுக்கும் அத்தனை பேருக்கும் சொல்லிவிட்டு, பெருநாள் சட்டையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் தலைகுனியக்கூடாது என்பதுதான் என் ஒரே துஆ.

மேடத்துக்காக மேடைக்குச் சாய்வுப் பாதை போட்டேன். பலகை குட்டை, அதனால் கொஞ்சம் செங்குத்து. (கொஞ்சமா? ஆடுகூட யோசித்துத்தான் ஏறும்.) வெறும் பலகை அழகில்லை என்று மேலே சிவப்புக் கம்பளம் விரித்தேன். ஆணி அடித்தால் கிழியும் என்றார் மண்டபக்காரர். நானும் அடிக்கவில்லை.

மேடத்தின் பெயரை அறிவித்துவிட்டு, பொன்னாடைத் தட்டோடு கீழே போய் அழைத்தேன். பெரியவர்களுக்கு முதுகு காட்டக்கூடாது என்பது உம்மா வளர்த்த வளர்ப்பு. ஆகவே அவரைப் பார்த்துப் புன்னகைத்தபடியே, பின்பக்கமாகச் சாய்வில் ஏறினேன்.

பாதி வழியில் கம்பளம் புறப்பட்டது. அதன்மேல் நானும் புறப்பட்டேன். நேராக மேடத்தின் சக்கரத்தடியில் போய்த்தான் நின்றோம்.

வாப்பா எழுந்துவிட்டார். காலை ஊன்றிப் பார்த்தேன், உயிர் போனது. எலும்பு முறிந்தது, வாப்பாவின் மானமும் போனது என்றே முடிவுகட்டினேன்.

அதுவரை உரைகளைக் கேட்டுத் தூக்கத்தோடு போராடிக்கொண்டிருந்த அறிஞர்கள் இருவரும் அப்போதுதான் முழித்தார்கள். அசையாதீங்க தம்பி என்று மேடம் குனிந்து கணுக்காலைப் பிடித்தார். குலசிங்கம் ஐயா தரையிலேயே சப்பணமிட்டார். விரலை ஆட்டச் சொன்னார் ஐயா, ஆட்டாதே என்றார் மேடம். குளிர்பானப் பெட்டியிலிருந்து ஐஸ் வந்தது.

“நீங்க இன்னும் அவசரக்காரர்தான், குலசிங்கம்.”

“நீங்க இன்னும் என்ன வேலை செய்ய உடுறல்ல, நஸீமா.”

கட்டுப்போடத் துணி தேடினார்கள். கைக்கு எட்டியது பொன்னாடைதான்.

“ஒண்டும் ஒடையல்ல, சுளுக்குத்தான்,” என்றார் மேடம். வாப்பா சொன்ன ‘அல்ஹம்துலில்லாஹ்’ மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்டது.

பிறகு மேடம் அந்தச் சாய்வைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “நீங்க விழல்லெண்டா, அடுத்தது நான்தான், என்ன?”

என் கணுக்காலுக்கு மனமார நன்றி சொன்னேன். மிச்ச விழா கீழேயே, என்னைச் சுற்றி நடந்தது. மேடத்திடம், அவருடைய பொன்னாடை பாழாய்ப்போனதற்கு மன்னிப்புக் கேட்டேன்.

“இரிக்கட்டும் தம்பி. எனக்கு வந்த பொன்னாடையள்ல வேலை செஞ்சது இது ஒண்டுதான்.”

முன்வரிசையில் முதலில் சிரித்தது வாப்பா. இன்னும் நிறுத்தவில்லை. போன மாதம் என் கலியாண மேடையில் மாமனார் பொன்னாடையோடு வந்தபோது, ஊரே கேட்க வாப்பா சொன்னார்:

“தோளுக்குப் போடுங்க மச்சான். காலுக்கு ஏற்கெனவே போட்டாச்சி.”