நிரந்தர மடிப்பு வேட்டி

வணிக வரலாற்றில் கப்பலோடு மூழ்கியவர்கள் உண்டு, மாளிகையோடு சரிந்தவர்கள் உண்டு. முழங்காலோடு நஷ்டப்பட்ட தனிப்பெருமை, மக்களே, பாலராமபுரத்தில் எங்கள் பொன்னோலை நெசவாலைக்கு மட்டுமே உரியது. தையல் பிரிவில் இருந்தவள் என்ற முறையில் அந்த மகத்தான சாதனையில் என் கத்தரிக்கும் பங்குண்டு.

விற்பனை மந்தம். அந்த ஓணத்துக்குச் சரக்கு போகாவிட்டால் ஆலைக்குப் பூட்டு என்று வாசுக்குட்டன் முதலாளி சொல்லிவிட்டார். ஆகவே பெங்களூரிலிருந்து பிரதீஷ் என்ற 'வியூக ஆலோசகர்' வரவழைக்கப்பட்டார். பிறந்தது கோட்டயம், வளர்ந்தது கால்சட்டையில். வந்த அன்றே சாயாக்கடையில் அமர்ந்து, இரண்டு பழம்பொரி தின்று முடிப்பதற்குள் ஆழமான 'கள ஆய்வு' ஒன்றை நிறைவேற்றினார்.

மறுநாள் கூட்டம். அவர் நுழைந்ததும் முதலாளி எழுந்து, மடித்துக் கட்டியிருந்த வேட்டியை மரியாதையாக அவிழ்த்துக் கீழே விட்டார். கணக்கரும் விட்டார். சாயா கொண்டுவந்த சுகுமாரன்கூடத் தட்டை வைத்துவிட்டு விட்டார்.

"சாயாக்கடையில பார்த்தேன்," என்றார் பிரதீஷ். "ஒருத்தர் விடாம மடிச்சுக் கட்டியிருக்காங்க. அப்போ கீழ்ப்பாதி எதுக்கு? யாருமே அதை உபயோகிக்கிறதில்லையே!"

கணுக்கால்வரை இறக்கிவிட்டு நின்ற மூவரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள்.

"பாதியா வெட்டுங்க. மடிப்பு மாதிரியே ஒரு தையல் போடுங்க. ஒரு வேட்டியில ரெண்டு மலையாளி!"

"பெரியவங்க எதிர்ல வந்தா, சாரே?" என்றார் முதலாளி மெல்ல.

"வந்தா வரட்டுமே. ரோடு எல்லாருக்கும் பொதுதானே?"

அந்த விடையின் ஆழத்தில் முதலாளி மூழ்கிப்போனார். கிடங்கில் இருந்த அத்தனை வேட்டியையும் வெட்டினோம்.

ஓணத்துக்கு முன்னால் வெளியீட்டு விழா. முதலாளியும் வந்திருந்த கடைக்காரர்களும் 'நிரந்தர மடிப்பு வேட்டி'யில் கம்பீரமாக நின்றார்கள். விளக்கேற்ற முதலாளியின் அம்மாவன், அதாவது தாய்மாமன், குறுப்பச்சன் காரைவிட்டு இறங்கினார். உடனே அத்தனை கைகளும் மடிப்பை இறக்கத் தொடைக்குப் பாய்ந்தன. தடவின. மறுபடி தடவின.

"வாசூ, இறக்குடா."

"இறக்க ஒண்ணுமில்ல, அம்மாவா."

"எனக்கே முட்டியைக் காட்டுறியா? கால் மேல கால் போட ஒரு நாற்காலியும் கொண்டாரவா?"

முதலாளி சமயோசிதமாக முழங்காலை மடக்கினார். வேட்டி நீளாவிட்டால் ஆள் குள்ளமாகலாம் அல்லவா? அவரைப் பார்த்துக் கடைக்காரர்களும் ஒருசேரக் குந்தினார்கள்.

"என்னடே இது, எல்லாருக்கும் ஒரே நேரத்துல வயித்தால போகுதா?" என்று குறுப்பச்சன் திரும்பிக் காரில் ஏறினார். விளக்கு எரியவில்லை.

குந்தியபடியே நெய்யாற்றின்கரைக் கடைக்காரர் பிரதீஷிடம் கேட்டார்: "இதைக் கட்டிட்டு ஒருத்தன் எப்படி சாரே பொண்ணு பார்க்கப் போவான்? மாமனார் இருப்பாரே?"

"வீடியோ கால்ல பார்க்கட்டும். இடுப்புக்கு மேலதானே தெரியும்?"

இத்தகைய தொலைநோக்கு அவர்களுக்கு எட்டவில்லை. ஒரு வேட்டிகூட வாங்காமல் போனார்கள். ஓணம் வந்தது, பூட்டும் வந்தது. பிரதீஷின் இறுதி அறிக்கை தெளிவாகச் சொன்னது: 'பொருளில் குறையில்லை. இம்மக்களிடம் மரியாதை அளவுக்கு மீறி உள்ளது.'

அவர் ஊருக்குக் கிளம்பிய அன்று ஆண்கள் எல்லோரும் பழைய முழு வேட்டியில் வாசலில் வரிசையாக நின்றார்கள். அவர் வெளியே வந்ததும், முதலாளி முதல் சாயா சுகுமாரன் வரை, அவர் முகத்தைப் பார்த்தபடியே வேட்டியைத் தூக்கி, இறுக்கி, மடித்துக் கட்டினார்கள்.

பிரதீஷுக்குக் கண் கலங்கிவிட்டது. ஓரமாக நின்ற என்னிடம் சொன்னார்: "பார்த்தீங்களா சேச்சி? கடைசியில என் டிசைன்தானே ஜெயிச்சது!"

ஜெயித்ததுதான், மக்களே. வேட்டியைப் பாதியாக வெட்டி, எங்கள் பிழைப்பை முழுசாக வெட்டிய அந்த மேதை, தன் கட்டணத்தை மட்டும் ஒரு மடிப்பும் இல்லாமல், கணுக்கால்வரை இறக்கி வாங்கிக்கொண்டு போனார்.